‘சைமாட்டிக்’ நோய்களுக்கு ‘நொதிப்புநோய்’

அன்புடையீர்,

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நகரச் சுகாதார அறிக்கைகளில் ஆண்டுதோறும் இடம்பெறும் ‘சைமாட்டிக்’ என்ற தலைப்பைத் ‘தொற்றுநோய்’ என்றே தமிழாக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. 1840களில் இறப்புப் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் ஃபார் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, மாவு புளிப்பதைப் போன்ற ஒரு மாற்றம் உடலுக்குள் நிகழ்வதாலேயே இந்நோய்கள் உண்டாகின்றன என்று கருதினார். பெரியம்மை, தட்டம்மை, செங்காய்ச்சல், தொண்டை அடைப்பான், கக்குவான், ‘காய்ச்சல்’ (டைபாய்டு, டைபஸ் முதலியன), வயிற்றுப்போக்கு ஆகிய ஏழையும் கூட்டி, ஆயிரம் பேருக்கு இத்தனை இறப்பு என்று ஒரே விகிதமாகச் சொல்வது அக்காலச் சுகாதார அலுவலர்களின் வழக்கம். அந்தக் கொள்கையின் சாயல் தமிழிலும் தெரிய வேண்டும் என்பதால் ‘நொதிப்புநோய்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘நொதிநோய்’ இன்னும் சுருக்கமானதுதான். ஆனால் ‘நொதி’ என்றதும் செரிமானப் பாடத்து நொதிகளே மாணவர் நினைவுக்கு வரும்.

இதன் தேவையை டைபாய்டு சாவுகளில் தெளிவாகக் காணலாம். 1879இல் இங்கிலாந்தின் கேட்டரம், ரெட்ஹில் ஊர்களில் டைபாய்டால் 352 பேர் நோயுற்று, 21 பேர் இறந்தனர். குடிநீர்க் கிணற்றின் அடியில் சுண்ணப்பாறையைக் குடைந்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவர், இந்நோயின் வயிற்றுப்போக்கால் அவதியுற்று, பாறைத் துண்டுகளை மேலே இழுக்கும் வாளியிலேயே மலம் கழிக்க நேர்ந்ததையும், வாளி ஆடியாடி மேலேறியபோது சிந்தியது நீரில் கலந்ததையும் மருத்துவர் ரிச்சர்டு தோர்ன் தோர்ன் விசாரித்து வெளிக்கொணர்ந்தார். ஜெர்மானிய ஆய்வாளர் எபெர்ட் இந்நோயின் கிருமியை விவரித்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். அழுகும் கழிவிலிருந்து நோய் தானாகவே பிறக்கிறது என்ற மருத்துவர் மர்ச்சிசனுக்கும், நோயாளியின் மலமே அதைக் கடத்துகிறது என்ற மருத்துவர் வில்லியம் பட்டுக்கும் இடையிலான பெரும் கருத்துப்போர், ‘தொற்றுநோய்’ என்று எழுதிய கணமே முடிந்துபோன வழக்காகிவிடும். மக்கள் எதனால் சாகிறார்கள் என்பதே முடிவாகாத காலத்தின் ஆவணங்கள் இவை.

டைபாய்டுக்குக் ‘குடற்காய்ச்சல்’ பொருந்தும். இலங்கை நண்பர்களின் ‘நெருப்புக்காய்ச்சல்’ உயிருள்ள வழக்கு என்பதால் அதையும் அடைப்புக்குறிக்குள் தரலாம். டைபஸை அப்படியே விடுவோம், ஏனெனில் ‘உண்ணிக்காய்ச்சல்’ என்றால் பேனால் பரவிய அந்நோய் வேறொன்றாகிவிடும். பிறப்பு இறப்புகளைப் பதிந்த பதிவாளர் தலைமையகம் இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கிடத் தொடங்கியது 1869இல்தான் என்பதால், அதற்கு முந்தைய பட்டியல்களில் வெறும் ‘காய்ச்சல்’ என்றே எழுத வேண்டும்.

அவ்வாண்டிலிருந்து மூன்றாவதாக வரும் வகைக்கு, அதாவது காரணம் பிடிபடாமல் நாள்கணக்கில் நீடித்த காய்ச்சலுக்கு, ‘எளிய தொடர்காய்ச்சல்’ சரியாக இருக்குமா என்பதை மருத்துவ நண்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.