சீமைக் கருவேலம் அடைந்த 3 ஏக்கர்: ஜேசிபி வருமுன் என்ன முடித்து வைக்கணும்?

கமுதிக்காரன்:
கமுதி பக்கம் 3 ஏக்கர் கரிசல், மானாவாரி. தரிசாகக் கிடந்து சீமைக் கருவேலம் அடைந்துபோச்சு. பெரிய மரங்கள் தொடை மொத்தம். நடுவில் நாலு பனை, ஒரு வேம்பு, கிழக்கே மின்கம்பம். மரத்தைக் கரி மூட்டத்துக்கு விற்றுவிட்டு, தூரை, அதாவது வேரோடு நிற்கும் அடிக்கட்டையை, ஜேசிபி வைத்துப் பிடுங்க எண்ணம். வண்டிக்கு மணிக்கணக்கு வாடகை. முன்கூட்டியே எதையெல்லாம் முடிக்கணும்? புரட்டாசியில் விதைக்கணும்.

வைப்பாற்று மணல்:
மரம் வாங்குகிறவரிடம் முதலிலேயே பேசிவிடுங்க அண்ணே: தரையோடு அறுக்கக் கூடாது, 2 முதல் 3 அடி கட்டை நிற்கணும். எடைக்கு வாங்குகிறவர் அடியோடு அறுக்கத்தான் பார்ப்பார். அப்படி அறுத்துவிட்டால் பக்கெட் போட்டுச் சாய்க்கப் பிடி இருக்காது; ஒவ்வொரு தூரையும் சுற்றித் தோண்டணும், மணி ஏறிக்கொண்டே போகும். பிடுங்கிய தூரும் கரிக்கு ஆகும். அதையும் அவரே அள்ளிக்கொள்ளணும் என்று சேர்த்துப் பேசினால் குப்பை தீரும்.

தரைமட்டத்தை ஒட்டிய தூர்ப் பகுதியில்தான் மறுபடி துளிர்க்கும் மொட்டு இருக்கு. ஒரு அடிக்குக் கீழ்வரை தூர் வந்துவிட்டால் போதும். ஆழத்து வேரைத் துரத்திக் காசைக் கரைக்க வேண்டாம்.

மண் பதம் ரொம்ப முக்கியம். காய்ந்த கரிசலில் இழுத்தால் தூர் பாதியில் ஒடிந்து, துளிர்க்கும் பகுதி உள்ளேயே தங்கும். ஈரம் மிஞ்சினால் வண்டி புதையும், மண்ணும் இறுகும். கோடை மழை பெய்து, மண் காலில் ஒட்டாத பதம் வந்ததும் வண்டியைக் கூப்பிடுங்க.

புலப்படம்:
அதற்கெல்லாம் முன்னால் எல்லை. பட்டாவையும், நில எல்லை அளவு காட்டும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு கல்லைத் தேடுங்க; கிடைக்காவிட்டால் சர்வேயர் அளக்க இப்பவே மனுக் கொடுங்க, அதுக்கு நாள் பிடிக்கும். கல் இருக்கும் இடத்தில் கம்பு ஊன்றிச் சிவப்புத் துணி கட்டணும். புதரோடு கல்லும் பிடுங்கி வந்துவிட்டால் பக்கத்துக்காரரோடு பிரச்சினைதான். ஓடை, வண்டிப்பாதைப் புறம்போக்கில் நிற்கும் மரத்தை உங்கள் கணக்கில் விற்காதீங்க.

பாழுங்கிணறு, மூடாத போர்க்குழி இருக்கா என்று கம்பால் தட்டிக்கொண்டே முழுசாக நடந்து பார்க்கணும். புதர் மூடிய கிணற்று விளிம்பு வண்டியின் எடை தாங்காது; ஆள் உயிருக்கே ஆபத்து. மின்கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியைச் சுற்றி வண்டி வேண்டாம், கைவேலைதான். கம்பிக்குப் பக்கத்து மரத்தை மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்தி வெட்டுங்க. பனையைத் தொடாதீங்க, வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.

கரிசல்காட்டுச் செல்வி:
தம்பி, ஜேசிபி முன்பக்கெட்டால் நிலத்தைச் சுரண்ட விடாதீங்க. வேகமாக முடியும், ஆனால் மேல்மண் முழுக்க வரப்போரம் குவிந்துவிடும். அடுத்த வெள்ளாமை அடிமண்ணில்தான். பின்பக்கெட்டால் தூரைத் தூக்கி, மண்ணை அதே குழியில் உதறச் சொல்லுங்க. குழியை மூடும்போது கொஞ்சம் மேடாகவே விடணும், மழையில் அமுங்கும்.

முள் மிலாரை (சிறு கிளைகளை) முன்னாலேயே அள்ளி ஒதுக்குங்க. உழவுக்கு வரும் டிராக்டர் டயரை அது சும்மா விடாது. குவியல் வேம்பின் கீழோ மின்கம்பியின் கீழோ இருக்க வேண்டாம். தூர் எடுத்ததும் வட்டத் தட்டு வைத்த சட்டிக் கலப்பையை இறக்காதீங்க, வேரைத் துண்டாக்கி மூடிவிடும். வளைந்த கொழு வைத்த கொக்கிக் கலப்பை ஓட்டினால் வேர் மேலே வரும், ஆள் விட்டுப் பொறுக்கலாம்.

கமுதிக்காரன்:
நன்றிங்க. ஓரத்தில் நாட்டுக் கருவேலும் கலந்து நிற்குது போல. எப்படிப் பிரிக்கிறது?

கரிசல்காட்டுச் செல்வி:
பூவையும் காயையும் பாருங்க. நாட்டுக் கருவேலுக்கு உருண்டை மஞ்சள் பூ, காய் மணிமாலை மாதிரி விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்குப் பூ நீளக் கதிராகத் தொங்கும். விட வேண்டிய மரத்துக்கெல்லாம் வண்டி வருவதற்கு முன்தினமே சுண்ணாம்புப் பட்டை அடித்துவிடுங்க.

மண்ணில் கிடக்கும் விதை முதல் மழைக்கே முளைக்கும். சாண் உயரத்துக்குள் வேரோடு பிடுங்கணும். சீமைக் கருவேல நெற்று தின்ற ஆட்டைக் கிடை போட்டால் புழுக்கையோடு விதையும் விழும், அதையும் பார்த்துக்கோங்க.