‘செட்டிங்’, ‘ரூல் சிஸ்டம்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை ஆட்டங்களுக்குத் தமிழில் ஓர் அறிமுகக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம். பாதி எழுதியபின் இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன்: செட்டிங் (கதை நடக்கும் கற்பனை உலகம்), ரூல் சிஸ்டம் (ஆட்டத்தை நடத்தும் விதிகளின் மொத்தத் தொகுப்பு). மூன்றாம் அத்தியாயமே எந்தச் செட்டிங்குக்கு எந்த சிஸ்டம் பொருந்தும் என்பதுதான். பக்கத்துக்குப் பத்து முறை இந்த இரண்டும் வருகின்றன.

ஆட்ட வகையின் பெயரை முதலில் ‘மேசைப் பாத்திர விளையாட்டு’ என்று எழுதியிருந்தேன். வீட்டில் படித்துப் பார்த்தவர், “இதை யார் கழுவுறது?” என்று கேட்டார். ‘வேடமேற்பு ஆட்டம்’ என்று மாற்றிவிட்டேன். அதைப் பற்றி இப்போது சண்டை வேண்டாம்.

செட்டிங்குக்கு என் மனம் போவது ‘திணை’ மீது. காரணம் இருக்கிறது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறார். பிறகு கருப்பொருள் பட்டியல்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். புதிதாக ஒரு மாய உலகை உருவாக்க உட்காருகிறவரிடம் இந்த எட்டையும் நிரப்பச் சொல்லிப் பாருங்கள். அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், யாரைக் கும்பிடுகிறார்கள், சாவுக்கு எந்தப் பறை அடிக்கிறார்கள்? அரைமணி நேரத்தில் உலகம் எழுந்து நிற்கும். ராஜவம்ச வரலாற்றை நாற்பது பக்கம் எழுதுவதைவிட இது மேல். அப்படி எழுதியதை ஆடவருகிறவர் யாரும் படிப்பதில்லை.

ரூல் சிஸ்டத்துக்கு ‘விதித்தொகுதி’ என்று வைத்திருக்கிறேன். ‘பின்புலம்’, ‘கதைக்களம்’, ‘ஆடுகளம்’ ஆகியவையும் யோசனையில் உண்டு. உங்கள் கருத்து வேண்டும்.

---

தம்பிக்கு,

> செட்டிங்குக்கு என் மனம் போவது ‘திணை’ மீது.

திணையைப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள், பெயராக வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் திணை என்றால் உயர்திணை, அஃறிணை. இல்லையென்றால் குறிஞ்சி முல்லை. ஒரே உலகத்துக்குள் ஐந்து நிலமும் இருக்கும்போது, ‘இந்தத் திணையின் பாலைத் திணையில்’ என்று எழுதவேண்டி வரும். ஒரு பொருளுக்கு ஆகிவந்த சொல்லை இன்னொன்றுக்கு இழுத்தால் இரண்டும் கெடும்.

‘பின்புலம்’ அதைவிடப் பெரிய தவறு. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஆட்டத்துக்குள் வந்ததே பகடைக் கணக்கைப் பார்க்கத்தான். அதனால் சற்று நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்புலம் என்றால் நாடகத்தில் பின்னால் தொங்கும் திரை. கழற்றி வேறு திரை மாட்டலாம், நாடகம் மாறாது. இந்த ஆட்டத்தில் அப்படி இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981-ல் வந்த பேசிக் பதிப்பை எடுத்துப் பாருங்கள். மீட்டுக்கொண்டு வந்த ஒரு பொற்காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி; புள்ளி சேரச் சேரத்தான் ஆள் வலுவாவான். ஓர்க் என்ற அரக்கன் ஒருவனைக் கொன்றால் 10 புள்ளி, அதையும் குழுவே பங்கிட வேண்டும். இந்த ஒரு விதி போதும். ஆடுகிறவர்கள் வீரர்களாக இருக்கமாட்டார்கள், திருடர்களாகிவிடுவார்கள். பூதம் தூங்கும்வரை காத்திருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் புத்திசாலித்தனம். ‘தீமையை எதிர்க்கும் மாவீரர்களின் நாடு’ என்று உங்கள் கையேட்டில் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் சரி, புள்ளி காசுக்குத்தான் என்றால் அந்த நாட்டில் காசு பொறுக்குகிறவர்களே உலவுவார்கள்.

எதிர்த்திசையிலும் உண்டு. 1991-ல் அதே ஆட்டத்துக்கு வந்த டார்க் சன் என்ற செட்டிங் ஒரு பாலைவன உலகம். உலோகம் அரிது, நாணயமே மண்ணில் சுட்டது. மந்திரம் போட்டால் சுற்றிலும் உள்ள செடிகொடி கருகும். இந்த உலகைத் தாங்குவதற்காக விதிகளை வளைத்தார்கள். எலும்பாயுதமும் கல்லாயுதமும் முறிவதற்கு விதி வந்தது. தெய்வங்கள் இல்லாத உலகம் என்பதால் பூசாரிகள் பூதங்களை, அதாவது நீர், நெருப்பு முதலானவற்றை வணங்கினார்கள். ஆளின் வலிமை, அறிவு முதலானவற்றைக் காட்டும் பண்பு எண்களை மூன்று ஆறுமுகப் பகடையால் எடுக்காமல் ஐந்து நான்குமுகப் பகடையால் எடுத்தார்கள், சராசரி 10.5-லிருந்து 12.5-க்கு ஏறியது. கொடும் நிலத்தில் பிழைத்துக் கிடக்கிறவன் வலுவானவனாகத்தானே இருப்பான்? அது வருணனையில் மட்டும் இல்லை, எண்ணிலேயே இருக்கிறது.

இப்போது பகடைக்கு வருகிறேன். இருபதுமுகப் பகடை ஒன்றை உருட்டினால் எந்த எண்ணும் விழ நூற்றுக்கு 5 வாய்ப்பு. 9 முதல் 12 வரை விழுவது நூற்றுக்கு 20. கர்ப்ஸ் (1986) என்ற ரூல் சிஸ்டம் பயன்படுத்தும் மூன்று ஆறுமுகப் பகடையில் அதே 9 முதல் 12 வரை 216-க்கு 104, கிட்டத்தட்ட பாதி. 18 விழுவது 216-க்கு ஒன்றே ஒன்று. ஆக, முதல் பகடையில் கத்துக்குட்டிகூடப் பெரிய சாகசம் செய்துவிடலாம், தேர்ந்தவனும் அசிங்கமாகத் தோற்கலாம். இரண்டாவதில் தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவன்தான். கர்ப்ஸில் மூன்று பகடையின் கூட்டுத்தொகை உங்கள் திறன் எண்ணுக்குள் விழுந்தால் வெற்றி. திறன் 10 இருந்தால் வெற்றி நூற்றுக்கு 50. 12 ஆனால் 74. 14 ஆனால் கிட்டத்தட்ட 91. முதல் இரண்டு படி 24 கொடுத்தது, அடுத்த இரண்டு 17 மட்டுமே. இருபதுமுகத்தில் இரண்டு படிக்கு எப்போதும் 10தான்.

நம் தாயக்கட்டையே இதைச் சொல்லும். 0, 1, 2, 3 என்ற நான்கு முகங்களோடு இரண்டு கட்டை. தாயம் விழ 16-க்கு 2 வாய்ப்பு, மூன்று விழ 16-க்கு 4. காய் இறக்கத் தாயம் வேண்டும் என்று விதி வைத்தவர், இறங்குவதற்கே ஏங்கவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். அதே இடத்தில் ‘மூன்று விழுந்தால் இறங்கு’ என்று வைத்திருந்தால் அது வேறு ஆட்டம். பாட்டிகள் இப்படி அலுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே, உலகை ‘பின்னால்’ வைக்கும் எந்தச் சொல்லும் வேண்டாம். ‘கதைக்களம்’ வேண்டாததற்குக் காரணம் வேறு: கதை முன்கூட்டியே இருப்பதாக அது நினைக்க வைக்கிறது. சினிமா விமரிசனத்தில் தேய்ந்தும் போயிற்று. ‘ஆடுகளம்’ என்றால் மேசைமேல் விரிக்கும் கட்டம்போட்ட தாளுக்குத்தான் பொருந்தும். அதற்கென்று ஒதுக்கி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் முன்வைப்பது ‘ஆடுலகு’. ஆடிய, ஆடுகின்ற, ஆடும் உலகு, வினைத்தொகை. அதற்கு இணையாக சிஸ்டத்துக்கு ‘ஆடுநெறி’. இரண்டும் ஒரே வேரில் நிற்கும்.

---

ஐயா சொன்ன கணக்கெல்லாம் அருமை. ஆனால் ‘ஆடுலகு’ என்று என் பையனிடம் சொன்னேன். “மே... மே...” என்றான்.

ஆடுகளத்தில் யாருக்கும் ஆடு நினைவு வருவதில்லை, உண்மைதான். அது பழகிப்போன சொல். புதுச்சொல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. போதாக்குறைக்கு ஆடுபுலி ஆட்டம் வேறு நம்மிடம் இருக்கிறது, அதில் ஆடு நிஜமாகவே ஆடு.

> ரூல் சிஸ்டத்துக்கு ‘விதித்தொகுதி’

விதி என்ற சொல்லைத் தொகுதியின் பெயரில் போடாதீர்கள் தம்பி. நான் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆட்டம் நடத்துகிறேன். வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும் உரையாடல் இது: “அம்மா, என் ஆள் ஏன் செத்தான்?” “விதி.” “எந்தப் பக்கத்துல இருக்கு?” நமக்கு ரூலும் விதி, தலையெழுத்தும் விதி. இதில் ஃபேட், அதாவது தலையெழுத்து, என்ற பெயரிலேயே ஒரு சிஸ்டம் இருக்கிறது. அதைத் தமிழில் ‘விதி விதித்தொகுதி’ என்பீர்களா? தனித்தனி ரூலுக்கு விதி இருந்துவிட்டுப் போகட்டும், அது ஊரறிந்த சொல். மொத்தத்துக்கு ஐயா சொன்ன நெறி நல்லது. ‘ஆட்டநெறி’ என்று சொல்லிவிட்டால் ஆடும் போய்விடும்.

செட்டிங்குக்கு ‘புனைநிலம்’ என்றால் என்ன? புனைதல் என்றால் கற்பனையாக ஆக்குவது மட்டுமில்லையே. கட்டுவது, பூணுவது, அழகு செய்வது எல்லாம் அதில் இருக்கின்றன. மாலையும் புனைவோம், வேடமும் புனைவோம். தம்பி ஆசைப்பட்ட முதற்பொருளும் ‘நிலம்’ என்று உள்ளே வந்துவிடுகிறது. வாயிலும் நன்றாக உட்காருகிறது: பாலைப் புனைநிலம், கடற் புனைநிலம்.

பகடையைக் ‘கவறு’ என்று மாற்றலாம் என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கவறும் கழகமும் கையும் என்று வள்ளுவர் திட்டியிருக்கிறார். பிள்ளைகள் ஆடுவதற்கு ஏற்கெனவே என் மாமியாரிடம் அனுமதி வாங்கப் பட்டபாடு போதும்.

---

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

திணையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, ஆனால் ‘இந்தத் திணையின் பாலைத் திணையில்’ என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கருப்பொருள் எட்டையும் பயிற்சியாக வைத்துக்கொள்கிறேன். புனைநிலத்தின் மேல் ஒரே ஒரு ஐயம் இருந்தது: விண்வெளி ஆட்டத்துக்கு நிலம் எங்கே? இது மாய உலக ஆட்டங்களுக்கான கையேடு என்பதால் அந்தத் தலைவலியை விண்கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

நேற்று மூன்றாம் அத்தியாயத்தில் மாற்றிப் போட்டுப் பார்த்தேன்:

“முதலில் வந்தது புனைநிலமா, ஆட்டநெறியா என்றால், 1974-ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அச்சாகும் முன்பே டேவ் ஆர்னசன் தன் பிளாக்மூர் என்ற புனைநிலத்தில் நண்பர்களை ஆடவைத்துக்கொண்டிருந்தார். ரூன்குவெஸ்ட் (1978) என்ற ஆட்டநெறி பிறந்ததும் குளோராந்தா என்ற புனைநிலத்துக்காகத்தான். அங்கே மந்திரம் ஒரு சிலரின் தொழில் இல்லை, வழிபாட்டுக் குழுக்களின் வழியே எல்லோருக்கும் கிடைப்பது. ஆகவே ‘மந்திரவாதி’ என்று ஆடுகிறவர் ஏற்கும் வேடங்களில் ஒரு தனி வகை வைக்கும் ஆட்டநெறி அங்கே ஒட்டாது.”

படிக்கத் தடுக்கவில்லை. ‘செட்டிங்’ என்று எழுதியிருந்தபோது கடைசி வாக்கியம் எனக்கே சரியாக வராமல் மூன்று முறை அடித்தேன்.

ஐயா, இருபதுமுகம், மூன்று ஆறுமுகம் கணக்கையும் தாயக்கட்டையையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? ஆட்டநெறி தேர்வு செய்யும் பகுதியில் முதல் கேள்வியாக ‘உங்கள் புனைநிலத்தில் கத்துக்குட்டி ஜெயிக்கலாமா?’ என்று வைக்க எண்ணம்.

அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. ஒரே குழு மாதக்கணக்கில் ஆடும் தொடருக்கு ‘கேம்பெயின்’ என்கிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ‘பிரச்சாரம்’ என்று வந்தது. வாக்கு கேட்டு ஓர்க்குகள் வீதி வீதியாக வருவதுபோல் இருக்கிறது. போர் விளையாட்டிலிருந்து வந்த சொல் என்பதால் ‘படையெடுப்பு’ என்றும் பார்த்தேன், ஆனால் எங்கள் குழு இதுவரை படையெடுத்தது டீக்கடைக்கு மட்டும்தான். ‘தொடராட்டம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். வேறு இருந்தால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த அத்தியாயத்தை முடிக்க வேண்டும்.