ஆக்சியல் ரன்அவுட், ஆக்சியல் ப்ளே, ஆக்சியல் லோடு: மோனோபிளாக்குல எதை எப்படிப் பாக்கறதுங்க?

கணபதி_லேத்:
5 ஹெச்பி மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்டுல இருக்கறது) ஒண்ணு வேலைக்கு வந்திருக்குங்க. இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளற சக்கரம்) பக்கம் 6306 பேரிங், ஃபேன் பக்கம் 6305, ரெண்டுக்கும் நடுவுல 300 மி.மீ. பேரிங் புதுசு போட்டாலும் சீக்கிரமே சூடாகி இரையுது. செக்கிங் சீட்டுல தலைப்புல இருக்கற மூணும் எழுதியிருக்கு. ஷோல்டரை (ஷாஃப்டுல பேரிங் முட்டி நிக்கற படி) லேத்துல ஃபேஸிங் பிடிச்சு முகத்தைச் சமமா வெட்டுனதும் டயல் கேஜ் வெச்சேன், முள்ளு அசையலை. ஷாஃப்டைத் தள்ளி இழுத்தா 0.10 ஆடுது. பேரிங் தேய்மானம்னு எடுத்துக்கலாங்களா?

சிட்கோ_ஃபிட்டர்:
வேண்டாம் தம்பி. மூணுமே ஷாஃப்டோட நடுக்கோட்டுத் திசையில நடக்கறதுதான், ஆனா அளவு வேற வேற.

ரன்அவுட்: டயல் ஊசி ஷாஃப்டுக்கு இணையா, ஷோல்டர் முகத்துல விளிம்பை ஒட்டி நிக்கோணும். ஒரு முழுச் சுத்து. பெரிய ரீடிங்ல சின்னதைக் கழிங்க. ஃபேஸிங் பிடிச்ச அதே சக்குல வெச்சா முள்ளு அசையாது, அந்த முகத்தை வெட்டுனதே அந்தச் சுத்துதானே. கழட்டி ரெண்டு சென்டருக்கு நடுவுல மாட்டிப் பாருங்க. எந்த விட்டத்துல அளந்தீங்கன்னும் எழுதி வெச்சுக்கங்க: முகம் சாஞ்சிருந்தா 60 மி.மீ. ஆரத்துல 0.03 காட்டறது 30-ல 0.015தான் காட்டும்.

ப்ளே: மேக்னட் ஸ்டாண்ட் பாடியில, ஊசி ஷாஃப்ட் நுனியில. ஒரு பக்கம் தள்ளி ஜீரோ, மறுபக்கம் இழுத்து ரீடிங். 63 வரிசை பேரிங்ல நீளவாட்டு ஆட்டம் ரேடியல் கிளியரன்ஸை (குறுக்குவாட்டு ஆட்டம்) விடப் பல மடங்கு இருக்கும். அதனால 0.10-ஐ மட்டும் வெச்சு பேரிங் போச்சுன்னு சொல்ல முடியாது.

லோடு: இம்பெல்லரோட முதுகுல டெலிவரி பிரஷர், முன்னாடி கண்ணுல (தண்ணி உள்ள வர்ற வாய்) சக்ஷன் பிரஷர். வித்தியாசம் ஷாஃப்டை சக்ஷன் பக்கம் தள்ளுது. கண் 60 மி.மீ., பரப்பு சுமார் 28 சதுர செ.மீ. 30 மீட்டர் ஹெட்டுக்கு (தண்ணி ஏத்தற உயரம்) சதுர செ.மீ.க்கு 3 கிலோ பிரஷர்னு வெச்சா 85 கிலோ வரும். முதுகுப்பக்கத் தண்ணியும் கூடவே சுத்தறதால நிஜத்துல இதை விடக் குறைவு. இம்பெல்லர்ல முதுகுப் பிரஷரைக் குறைக்கற பேலன்ஸ் ஓட்டை அடைச்சுக்கிட்டாலோ, முதுகுப்பக்க வியர் ரிங் தேஞ்சாலோ தள்ளு ஏறிடும்.

பழைய பேரிங்கை அறுத்து அவுட்டர் ரேஸ்ல (வெளி வளையம்) உருண்டை ஓடுன தடத்தைப் பாருங்க. 6306-ல மட்டும் தடம் பம்ப் பக்கம் ஒதுங்கியிருந்தா இம்பெல்லர் தள்ளு. ரெண்டுலயும் வெளிப்பக்கமா, எதிரெதிரா ஒதுங்கியிருந்தா ஷாஃப்ட் நீள இடமில்லாம சிக்கியிருக்கு.

பல்லடம்_கெமிஸ்ட்ரி:
பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில பசங்க கேக்கற ஆக்சியலும் அச்சுத் திசைங்கற இதே கணக்குதாங்க. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடுல அச்சு மேல நிக்கற ரெண்டு பிணைப்பு 214 பிகோமீட்டர், குறுக்குத் தளத்துல இருக்கற மூணும் 202. அச்சுப் பிணைப்பு மூணு பிணைப்போட 90 டிகிரியில நெருங்கி நிக்குது, விலக்கம் அதிகம், அதனால நீளம். சி.டி. ஸ்கேன்ல மட்டும் கவனம்: ஆக்சியல் படம்னா உடம்போட நீளத்துக்குக் குறுக்கா வெட்டுனது.

கணபதி_லேத்:
அறுத்துப் பாத்தேனுங்க. ரெண்டுலயும் தடம் வெளிப்பக்கம். ரெண்டு கவரும் அவுட்டர் ரேஸை முட்டுது, ஃபேன் பக்கம் வேவ் வாஷரும் (ஸ்பிரிங் மாதிரி அமுங்கற அலை வாஷர்) இல்லை.

சிட்கோ_ஃபிட்டர்:
அப்ப இம்பெல்லர் மேல கை வைக்காதீங்க. எஃகு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ. நீளும். பாடியை விட ஷாஃப்ட் 40 டிகிரி கூடுதலாச் சூடேறுனா 300 மி.மீ.க்கு 0.14. உங்க ஆட்டமே 0.10. ஓட ஓட அது தீர்ந்து ரெண்டு பேரிங்கும் ஒண்ணையொண்ணு இறுக்குது.

இம்பெல்லர் பக்கம் 6306 இறுக்கமாவே இருக்கட்டும், அதுதான் இம்பெல்லர் இடைவெளியைக் காப்பாத்தும். ஃபேன் பக்கம் கவர்ல உள்ள நுழையற ஸ்பிகாட் விளிம்போட முகத்தை வெட்டி வேவ் வாஷர் போடுங்க. போல்ட் முழுசா முறுக்குன பிறகும் வாஷர் தட்டையாகாம அரை மி.மீ. அமுங்க இடம் வேணும். கேஸ்கெட்டை அடுக்கி அந்த இடத்தை உண்டாக்காதீங்க, நாளடைவுல அமுங்கிரும்.

அப்புறம் 6305 உக்கார்ற ஹவுசிங் போரோட உள்விட்டத்தை மி.மீ.ல அளங்க. 62.00-ல இருந்து 62.03-க்குள்ள வரோணும், பேரிங் கைத்தள்ளலுக்கே நகரோணும். டைட்டா இருந்தா வாஷர் போட்டும் பிரயோஜனமில்லை, 62.05 தாண்டிட்டா அவுட்டர் ரேஸே சுத்தும், புஷ் அடிச்சுத்தான் போடோணும்.