மௌனப்பட நகைச்சுவைக்கு நேரடி பியானோ: எதைக் கவனிக்கணும்?

கேள்வி: மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920) படத்தைத் திரையிடுறோம், பியானோ நேரடி வாசிப்பு. ஒத்திகையில் பார்த்தா, படத்தில் எல்லாரும் ஓடுற மாதிரி தெரியுது. பியானோ விளக்கு திரையிலயும் அடிக்குது. என்ன செய்யலாம்?

பதில் 1: பிரதியின் வேகத்தைப் பாருங்க. நொடிக்கு 18 சட்டகம் (ஃபிரேம்) வேண்டிய படத்தை 24-இல் ஓட்டினா 20 நிமிடம் 15 ஆயிடும். ஆனா அந்தக் காலத்தில் நகைச்சுவையைக் கொஞ்சம் வேகமாவே காட்டினாங்க. ரொம்பக் குறைச்சா அடி, விழுதல் எல்லாம் சவசவன்னு போயிடும். படத்தில் ஆட்கள் நடக்கிறது இயல்பா இருக்கான்னு பார்த்து முடிவு பண்ணுங்க. வேகம் முடிவான பிறகுதான் ஒத்திகை.

பதில் 2: இசைத்தாள் மேல மட்டும் விழுற சின்ன கிளிப் விளக்கு, மங்கலா. பியானோவைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்வா வைங்க, வாசிப்பவர் தலை திரும்பாம படம் பார்க்கணும். கோப்பில் இருக்கும் இசையை மறக்காம அணைச்சிடுங்க.

பதில் 3: முக்கியமானது இதுதான்: இசை நகைச்சுவையை முந்தக் கூடாது. படத்தின் கடைசியில், புதுத் தம்பதி இழுத்துட்டுப் போற அவங்க வீடு தண்டவாளத்தில் மாட்டும். முதல் ரயில் பக்கத்துத் தடத்தில் போயிடும். அங்கே இசையும் நிம்மதியா இறங்கணும். பியானோவில் இடது கை வாசிக்கிற கனத்த சுரங்கள் மிரட்டிட்டே இருந்தா, எதிர்த்திசையில் வர்ற இரண்டாவது ரயிலைக் காட்டிக்கொடுத்துடும். மோதினதும் இரண்டு நொடி மௌனம். சிரிப்பு அடங்கும்போது மெல்லத் தொடங்கச் சொல்லுங்க.