பெரட்டுக்கு முன்னும் கொழுந்து எடை போட்ட பிறகும்: வீட்டு நேரத்தை மீட்கும் வழிகள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட வீடுகளில் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றி ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒருவர் எழுதுகிறார்.

மஸ்கெலியா:
காலை ஆறு, ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் (ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில்) நிற்க வேண்டுமென்றால் வீட்டில் கிடைப்பது ஒன்றரை மணித்தியாலம்தான். அதற்குள் தேத்தண்ணி, ரொட்டி, பகல் சாப்பாடு, பிள்ளைகளைக் கிளப்புவது எல்லாம் முடிய வேண்டும். இதில் நேரத்தைத் தின்பது சமையலே இல்லை. அடுப்புப் பிடிக்காமல் ஊதிக்கொண்டிருப்பதுதான். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை) நடந்த மலையில் பொறுக்கிவந்த மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளை, ஈரமாக இருந்தால் புகைதான் வரும். கட்டை விரல் தடிப்பு மிலாறு அடுப்புக்கு மேல் பரணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால்தான் சட்டென்று பற்றும். அதனால் பரணில் இரண்டு கட்டுகள் வேண்டும்: ஒன்று எரிக்க, மற்றது காய. எரிக்கும் கட்டு முடிகிற அன்றைக்கே புதிய கட்டு மேலே ஏறிவிட வேண்டும். யூகலிப்டஸ் கட்டையைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். காய்ந்த பிறகு கோடரி எளிதில் இறங்காது, அரை நாள் போய்விடும்.

ரொட்டிக்கு 500 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி உப்பு, 250 மில்லிலீற்றர் அளவு இளஞ்சூட்டுத் தண்ணீர். இராத்திரியே பிசைந்து ஈரத் துணியால் மூடி வைக்கலாம். தேங்காய்ப்பூவை மட்டும் இரவில் சேர்க்கக் கூடாது. உப்போடு கிடந்தால் தண்ணீர் விடும், மா இளகிப்போகும், விடியும்போது புளிப்பு வாடையும் அடிக்கும். அரைத் தேங்காயைத் திருவித் தனியாக மூடி வைத்து, காலையில் சேர்த்துப் பிசைந்தால் எட்டு ரொட்டி வரும். குளிரில் மா விறைத்திருந்தால் கையைச் சுடுதண்ணியில் நனைத்துக்கொண்டு பிசையுங்கள்.

சுடுதண்ணிப் போத்தல் இருந்தால் இரவு கடைசி நெருப்பில் கொதித்த தண்ணீரை அதில் நிரப்பிவிடலாம். முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, பிறகு வாய் வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் காலைக்குள் ஆறிவிடும்.

தலவாக்கலை:
சமையல் நேரத்தைப் பற்றிப் பேசும்போது உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியசுக்குக் கிட்டவே கொதித்துவிடும். விறகை எவ்வளவு தள்ளினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. கடலை, கௌப்பி (தட்டைப்பயறு) வேகாமல் கிடப்பதற்கு இதுதான் பெரிய காரணம். பிரஷர் குக்கரில் சூடு 100 பாகையைத் தாண்டும். மலைநாட்டு வீட்டில் முதலில் வாங்க வேண்டிய பாத்திரம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கடலையை எட்டு மணித்தியாலம் ஊற வைக்க வேண்டும். இங்கத்தைய பச்சைத் தண்ணீரில் சரியாக ஊறாது, வெதுவெதுப்பான தண்ணீரே ஊற்றுங்கள். ஊறியது முதல் விசிலுக்குப் பிறகு இருபது நிமிடத்தில் வெந்துவிடும். விறகடுப்பில் குக்கர் வைப்பவர்கள் விசில் வந்தவுடன் கட்டைகளை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விட வேண்டும். சுவாலை பக்கவாட்டில் ஏறினால் கைப்பிடி கருகும், ரப்பர் வளையம் இறுகி ஆவி கசியும். மைசூர்ப் பருப்பு நுரைத்து ஆவித் துளையை அடைக்கும், ஆகையால் பாதிப் பாத்திரத்துக்கு மேல் போடாதீர்கள், ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். அடுப்பில் ஏற்றுவதற்கு முன் வெளிப்புறத்தில் மெல்லியதாகச் சோப்புப் பூசினால் கரி தேய்க்கும் வேலை பாதியாகும்.

இராகலை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மா பிசைவது, கடலை ஊறப் போடுவது, தண்ணீர் கொதிக்க வைப்பது என்று எல்லாவற்றையும் இரவுக்குத் தள்ளினால், ஐந்து மணிக்குக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற அதே பெண்தான் பத்து மணி வரை நிற்பாள். வேலை குறையவில்லை, அவளுடைய தூக்கம்தான் குறைந்தது. இதை யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் ஆண்களின் வேலை பெரும்பாலும் அளவு வேலை. கவ்வாத்து, முள்ளுக்குத்து (முள்ளால் மண்ணைக் கிளறுவது), மருந்தடிப்பது எதுவானாலும் கொடுத்த அளவை முடித்தால் பேர் விழும் (அன்றைய சம்பளம் பதியும்), பகல் ஒரு மணி இரண்டு மணிக்கே வீட்டில் இருக்கலாம். கொழுந்து மலையில் அந்த வசதி இல்லை. ஆக, பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை வீட்டில் இருப்பவர் மூன்று காரியத்தை முழுமையாக ஏற்க வேண்டும்: விறகு, தண்ணீர், இரவுச் சோறு. "உதவி செய்கிறேன்" என்றால் யாராவது கேட்டால்தான் நடக்கும். அரிசி எங்கே, எத்தனை சுண்டு (அரிசி அளக்கும் பேணி) என்று மலையிலிருந்து வந்தவளிடம் கேட்கக் கூடாது. அரிசிப் பேணியும் சுண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அவள் காம்பராவுக்குள் (வீட்டு அறைக்குள்) நுழையும்போது சோறு வடித்திருந்தால் மாலையில் ஒரு மணித்தியாலம் மிஞ்சும். அந்த நேரத்தில் பிள்ளையின் பாடக் கொப்பியைத் திறந்து பார்க்கலாம், இல்லாவிட்டால் சும்மா உட்காரலாம். இரண்டும் தேவைதான்.

ஹட்டன்:
இராகலை அண்ணன் சொன்னதோடு மலையில் மிச்சப்படுத்தக்கூடியதையும் சேர்க்கிறேன். மடுவத்தில் (கொழுந்தை எடை போடும் கொட்டகையில்) போய் முத்தின இலையையும் காம்பையும் பொறுக்க நின்றால் பகல் இடைவேளை அங்கேயே கரையும். கூடையில் போடுமுன் கையிலேயே கழித்துவிட வேண்டும். கொழுந்தை அமுக்கித் திணித்தால் சூடேறிச் சிவந்துபோகும், அதற்கும் எடையில் கழிவு வெட்டுவார்கள். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) நடை இருபது நிமிடத்துக்கு மேலென்றால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதே நல்லது.

ஒரு வயதுக்குள் பிள்ளை உள்ள தாய்மாருக்கு இன்னொரு உரிமை இருக்கிறது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி ஒன்பது மணித்தியாலத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை. பிள்ளைக் காம்பரா (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் இடம்) இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லையென்றால் ஒரு மணித்தியாலம். இது சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகமானது. பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் தினமும் கெஞ்ச வேண்டியதில்லை.

மஸ்கெலியா:
மழைக் காலத்துத் துணியைச் சொல்ல மறந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைக்கென்று மொத்தமாகச் சேர்த்தால் லீவு நாள் முழுக்கப் பீலிக்கரையிலேயே (துணி துவைக்கும் தண்ணீர்ப் பீலியடியிலேயே) போகும், காயவும் காயாது. பள்ளிச் சீருடையைத் தினமும் ஒவ்வொன்றாகத் துவைத்து, காய்ந்த துவாயில் சுருட்டி முறுக்கினால் பாதி ஈரம் போய்விடும். பிறகு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கொடி கட்டிப் போடுங்கள். அடுப்புக்கு மேல் வேண்டாம், வெள்ளைத் துணியில் புகை மஞ்சள் ஏறும்.

பண்டாரவளை:
கொழும்புக் கடைகளில் நிற்கிற நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டினுடையது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம், அந்த மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. வீட்டு வேலைக்கு நிற்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதைத் தெரிந்துகொண்டு வேலைக்கு அனுப்புங்கள்.

வருட லீவு 14 நாள், தற்செயல் லீவு 7. முதல் வருடம் வேலை செய்துவிட்டால் அடுத்த வருடத்துக்குக் கிடைக்கும் வருட லீவு, சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தால் 14, ஜூனுக்குள் 10, செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4. ஒன்றிரண்டு நாளாகக் கேட்டு ஊருக்கு வந்தால் பஸ்ஸிலேயே நாள் போய்விடும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஏழு நாளைத் தொடர்ச்சியாகக் கேளுங்கள், மிச்சத்தை வார விடுமுறையை ஒட்டி வருகிற போயா (பௌர்ணமி விடுமுறை) நாளோடு சேருங்கள். தீபாவளிக்கு எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள், அதனால் இரண்டு மாதம் முந்தியே எழுத்தில் கொடுத்து, திகதி தெரிகிற மாதிரி அந்தக் கடிதத்தைத் தொலைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.