பரத்–சுசீலா: டி-ஷர்ட்டை எடுத்துட்டா மிச்சம் என்ன?

கருங்கல் வாசகன்:
பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா துப்பறியும் கதைகளை மறுபடி வாசிச்சேன். சென்னை, மூன்லைட் டிடெக்டிவ் ஏஜென்ஸி, கொலை, துப்பு எல்லாம் சரி. ஆனா சுசீலாவுக்க டி-ஷர்ட்டுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லாம அந்தப் பிள்ளையைக் கதைக்குள்ள விடவே மாட்டாரு போல. டி-ஷர்ட்டை எடுத்துட்டா அவளுக்கு அங்க என்ன வேலை? அவளுக்கும் பரத்துக்கும் உள்ள காதலைக் கழிச்சா நல்ல துப்பறியும் கதை கிடைச்சிருக்கும்.

வடசேரிக்காரன்:
வந்துட்டாருவே நீதிபதி! அந்த டி-ஷர்ட் வாசகத்துக்காகவே மாசாமாசம் கடையில காத்துக் கிடந்த கூட்டம் நாங்க. காதலைக் கழிக்கணுமாம். அப்போ நீரு போலீஸ் ஸ்டேஷன்ல போய் எஃப்ஐஆர் வாங்கி வாசியும்.

குளச்சல் காத்து:
ரெண்டு பேரும் ஒரு நிமிசம். துப்பறியும் கதைன்னா என்ன, காதல் கதைன்னா என்னன்னு முதல்ல பேசிக்கிட்டா நல்லது.

வடசேரிக்காரன்:
வரையறையை நீரே கருவாட்டோட சேத்துக் காயப்போடும். பேச்சு டி-ஷர்ட்டைப் பத்தி.

தக்கலை வாசகி:
டி-ஷர்ட்டைப் பத்தியே கேக்கேன் அண்ணாச்சி. வாசகம் எப்பவும் அவ நெஞ்சுலதான் இருக்கணுமா? பரத் சட்டையில ஏன் ஒண்ணும் எழுதல? பாதி இரட்டை அர்த்தம். ரசிச்சது யாருன்னும் தெரியும்.

வடசேரிக்காரன்:
தங்கச்சி, அந்தக் காலத்துல அவ பரத்துக்குச் சமமா ஏஜென்ஸியில உக்காந்து வாய்க்கு வாய் கொடுத்தவ. ராஜேஷ்குமார் கதையில துப்பறியுற விவேக்கைப் பாருங்க, ரூபலா அந்த விவேக்குக்குப் பெஞ்சாதி. இங்க கல்யாணமே ஆகல, ஆனாலும் கேஸுக்குச் சேந்து போறா. அந்தத் துணிச்சலைத்தான் டி-ஷர்ட் சொல்லுது.

தக்கலை வாசகி:
துணிச்சலைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லையா? பரத் சட்டைக்குப் பதில் வரல.

கருங்கல் வாசகன்:
வராது. ரெட்டை எழுத்தாளர் சுபாவுக்க நரேன்–வைஜயந்தியும் துப்பறியுற காதல் ஜோடிதான். ஈகிள்ஸ் ஐ ஏஜென்ஸியில ராம்தாஸ்னு ஒரு பெரியவர் மேல இருக்காரு, வேலை நடக்குது. சுஜாதாவுக்க கணேஷ்–வசந்த் ரெண்டும் வக்கீல். தம்புச்செட்டித் தெரு ஆபீஸ்ல வசந்த் அடிக்காத ஜொள்ளா? ஆனா அதுக்காக கேஸ் நடுவுல நிக்காது. யாருக்கும் டி-ஷர்ட் தேவைப்படல.

வடசேரிக்காரன்:
பாத்தேளா, கடைசியில சுஜாதாவைத் தூக்கிட்டு வந்துட்டாரு! இவரு பழைய சண்டையில தோத்ததை மறக்கல. ஓய், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி போய்ச் சேருகதுக்குள்ள ஒரு பரத்–சுசீலாவை முடிச்சவன் நான். எழும்பூர்ல இறங்கினா கண்ணு தேடினது அந்த டி-ஷர்ட்டைத்தான், உமக்க தம்புச்செட்டித் தெருவை இல்ல.

குளச்சல் காத்து:
அதான் கேக்கேன், இந்த ஜோடியெல்லாம் ஏன் சென்னையிலேயே கிடக்கு? நாகர்கோவில்ல ஒரு ஏஜென்ஸி தொறந்தா என்ன?

தக்கலை வாசகி:
நல்லா தொறந்தேள். ஒருத்தனைப் பின்தொடரப் போனா அவனே திரும்பி நின்னு 'நீ யாருக்க மொவன்'னு கேப்பான். பரத் வண்டியில சுசீலா ஏறி மீனாட்சிபுரம் தாண்டுகதுக்கு முன்ன அவளுக்க அம்மைக்குப் போன் போயிரும். யாருக்கும் யாரையும் தெரியாத ஊருலதான் இந்தக் காதலும் நடக்கும், துப்பும் நடக்கும்.

மார்த்தாண்டம் மச்சான்:
நாகர்கோவில்ல முடியாது, சரி. மார்த்தாண்டத்துல முடியும். மேம்பாலத்துல நின்னா போற வாற ஆள் எல்லாம் தெரியும்.

வடசேரிக்காரன்:
பாலம் வந்துட்டா பட்டணமா? உங்க ஊருக்காரன் கேஸ் கொடுக்க வந்தாலும் பாதி மலையாளத்துல பேசுவான், பரத்துக்கு யாரு மொழிபெயர்க்க?

மார்த்தாண்டம் மச்சான்:
எனக்க பேச்சைத் தொட வேண்டாம் கேட்டியா. உங்க வடசேரி பஸ் ஸ்டாண்டுல பையைக் கீழ வச்சா காணாமப் போகும். அதைத் துப்பறிய ஒரு ஏஜென்ஸி போதாது.

கருங்கல் வாசகன்:
பை மட்டுமா? எனக்க ராஜேஷ்குமார் கட்டும் வடசேரிக்குப் போய்த்தான் காணாமப் போச்சு.

வடசேரிக்காரன்:
ஓஹோ, அதுதான் உமக்க கோவமா! அந்தக் கட்டுக்குப் பதிலாத்தான் எனக்க பரத்–சுசீலா பூராவும் உம்ம வீட்டுல இருக்கு. அதை வாசிச்சிட்டுத்தான் இங்க வந்து குறை சொல்லுகீரு.

தக்கலை வாசகி:
அண்ணாச்சி, பரத் சட்டை?

வடசேரிக்காரன்:
இரு தங்கச்சி, முதல்ல புத்தகம் வரட்டும். ஓய் கருங்கல், ஞாயித்துக்கிழமைக்குள்ள கட்டு வடசேரி வந்து சேரணும்.

கருங்கல் வாசகன்:
கொண்டு வாறேன். கொலைகாரன் பேரு வாற பக்கத்தை எல்லாம் நீரு கிழிச்சு வச்சிருக்கீரே, அதையும் எடுத்து வையும்.

வடசேரிக்காரன்:
நான் வாங்கும்போதே கிழிஞ்சுதான் இருந்தது.