48 ஆக்சஸ் பாயிண்ட், ஒரே ரூம்: டிரங்குப் பெட்டிக்குள்ள போட்டு மூடினா சிக்னல் அடங்குமா?

அல்சூர்_வயர்காரன் எழுதியது:

பெங்களூரு அல்சூர்ல ஒரு பேக்கரிக்கு மேல மாடி ரூம், பத்துக்குப் பன்னெண்டு. அதுதான் நம்ம ஆபீஸ், குடோன் எல்லாம். ஓசூர் ரோடு பக்கம் ஒரு பிஜி ஹாஸ்டலுக்கு 48 ஏபி, அதாவது வைஃபை வீசற ஆக்சஸ் பாயிண்ட். இங்கயே செட் பண்ணி, டெஸ்ட் பண்ணி, ரூம் நம்பர் லேபிள் ஒட்டிக் கொண்டுபோகணும். பசங்க வேலைக்குப் போன நேரத்துல ரெண்டு மணி நேரம்தான் உள்ள விடுவாங்க. ஏணி போட்டோமா, மாட்டினோமா, கிளம்பினோமான்னு இருக்கணும். அங்க உக்காந்து கிளறிட்டு இருக்க முடியாது.

சிக்கல் இங்க மேஜை மேல. 24 போர்ட் பிஓஈ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்லயே கரண்ட்டும் தர்றது) ரெண்டையும் ஆன் பண்ணினா அத்தனை ஏபியும் ஒரே மாதிரி பேர்ல செட்டப் வைஃபையை வீசுது, கடைசி நாலு எழுத்து மட்டும் வேற. கம்பெனி ஆப் வழியாத்தான் முதல் தடவை சேர்க்க முடியும், அதுக்கு வயர் வழி கிடையாது. ஒன்னைத் தொட்டுப் பாஸ்வேர்டு போடறதுக்குள்ள போன் பக்கத்து ஏபிக்குத் தாவிடுது. இல்லன்னா பாதியில சுத்திக்கிட்டே நிக்குது.

கீழ பேக்கரியில பில் போடற டேப்லெட் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல ஓடுது. நான் சுவிட்சைப் போட்டா அது படுத்துடுது. பேக்கரிக்காரர் ஹாசன் ஆளு, கோபமே வராத மனுஷன். அவரே படியேறி வந்து, "தம்பி, மேல நீங்க என்னமோ பண்றீங்க, கீழ நான் பன்னு விக்க முடியல"ன்னுட்டுப் போனார்.

வீட்டுல அப்பாவோட மிலிட்டரி டிரங்குப் பெட்டி ஒன்னு சும்மா கிடக்கு. அதுல ஏபியை வெச்சு மூடி வேலை பாக்கலாமா? இல்ல அலுமினியம் ஃபாயில் சுத்தினா போதுமா? "ரேடியோவை ஆஃப் பண்ணிட்டு வயர்ல பண்ணு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. மாட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொன்னுலயும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் ரெண்டு ரேடியோவும் உயிரோட இருக்கான்னு நான் பாத்தாகணும்.

—

தகரடப்பா எழுதியது:

ஃபாயில் நாலு சுத்து சுத்துங்க ப்ரோ, வேலை முடிஞ்சது. பெட்டிதான் வேணும்னா எஸ்.பி. ரோட்டுல பழைய மைக்ரோவேவ் அவன் சல்லிசா கிடைக்கும். ஓட்டை போட்டு கேபிளை உள்ள விட்டுடுங்க.

—

கண்டோன்மென்ட்_எக்ஸ்பிரஸ் எழுதியது:

அண்ணா, நீங்க வேணாம்னு சொன்னதைத்தான் பாதி சொல்லப்போறேன், கோச்சுக்காதீங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும், அதாவது வைஃபை பேரும், 102.4 மில்லி செகண்டுக்கு ஒரு பீக்கன் ('நான் இருக்கேன்'ங்கற அறிவிப்பு) விடும். 2.4 பேண்டுல டீஃபால்ட்டா அது 1 எம்பிபிஎஸ் வேகத்துல போகும். 300 பைட் பீக்கன்னா, முன்னாடி வர்ற தலைப்பகுதியும் சேர்த்து, ஒன்னுக்கு 2.6 மில்லி செகண்ட். அப்ப ஒரே சேனல்ல 40 பீக்கன் சேர்ந்தாலே காத்துல வேற எதுக்கும் இடம் இருக்காது. உங்க 48 ஏபியும் ஆளுக்கு ரெண்டு எஸ்எஸ்ஐடி வீசி, 1, 6, 11 சேனல்னு சமமாப் பிரிஞ்சா சேனலுக்கு 32. யாரும் ஒரு பைட் டேட்டாகூட அனுப்பாமலே எண்பது சதவீத நேரம் தீர்ந்துடும். இதுல உங்க போன் ஒவ்வொரு தடவை ஸ்கேன் பண்றப்பவும் கேட்ட ஏபி எல்லாம் தனித்தனியா பதில் வேற சொல்லும். பேக்கரி டேப்லெட் படுக்காம என்ன செய்யும்?

அதனால முதல் வேலை: சுவிட்ச்ல எல்லா போர்ட்டுக்கும் பிஓஈயை நிறுத்துங்க. ஒரு போர்ட்டை மட்டும் திறந்து, ஆப்ல சேர்த்து, அடுத்ததுக்குப் போங்க. எல்லா ஏபியையும் மேய்க்கற கண்ட்ரோலர்ல 'ஸ்டேஜிங்'னு ஒரு குரூப் போட்டு அதுல ரெண்டு ரேடியோவையும் ஆஃப்ல வைங்க. சேர்ந்த ஏபி அந்த குரூப்புக்குள்ள விழுந்ததும் வாயை மூடிக்கும். ஃபர்ம்வேர் அப்டேட் எல்லாம் அப்புறம் வயர் வழியா மொத்தமா ஓடட்டும். அதுக்கு ரேடியோ எதுக்கு?

இன்னொன்னு. ஆட்டோ பவர், ஆட்டோ சேனல் ரெண்டையும் இங்க ஆஃப் பண்ணி வைங்க. ஒரே மேஜையில இருந்தா பக்கத்து ஏபி காதுலயே கத்தற மாதிரி கேக்கும். கண்ட்ரோலர் எல்லாத்தையும் குறைஞ்ச பவருக்கு இறக்கிடும். அதே நெனப்போட ஹாஸ்டல்ல மாட்டினா, அது திருப்பிக் கணக்குப் போடற வரைக்கும் மூலை ரூம்ல சிக்னலே இருக்காது. திட்டு உங்களுக்கு வரும்.

—

பீன்யா_பெருசு எழுதியது:

கண்டோன்மென்ட் தம்பி சொன்னது சரி, அதை முதல்ல செய்ங்க. அதுக்கு மேல ரேடியோ டெஸ்டுக்கு மட்டும் பெட்டி போதும். நான் பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல ஆர்எஃப் (ரேடியோ அலை) டெஸ்ட் வேலையில ரொம்ப வருஷம் இருந்தவன், இந்தப் பெட்டி விவகாரத்துல எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

முதல்ல, எவ்வளவு அடங்கணும்னு தெரியணும். டிபிஎம்னா சிக்னல் பலத்தோட அளவு, மைனஸ்ல இறங்க இறங்க பலம் கம்மி; டிபின்னா அது எவ்வளவு குறையுதுங்கற கணக்கு. 20 டிபிஎம்ல, அதாவது 100 மில்லிவாட்டுல, கத்தற ஏபி ஒரு மீட்டர் தள்ளி 2.4ல சுமார் 40 டிபி இழக்கும். அப்ப மேஜைக்கு அந்தப் பக்கம் மைனஸ் 20 டிபிஎம். பக்கத்து ரேடியோ அதை மதிச்சுக் காத்திருக்காம இருக்கணும்னா மைனஸ் 82க்குக் கீழ போகணும். ஆக உங்களுக்கு வேண்டியது 60 டிபி சொச்சம். நூறு டிபி வேணும்னு விலை சொல்றவன்கிட்ட மாட்டிக்காதீங்க.

தகரத்தோட தடிமனைப் பத்தி யாரும் கவலைப்படவே வேண்டாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல அலுமினியத்துக்குள்ள அலை இறங்கற ஆழம் 2 மைக்ரானுக்கும் கம்மி. சமையலறை ஃபாயிலே பத்து மைக்ரானுக்கு மேல இருக்கும். ஒழுகறது ரெண்டே இடத்துல: மூடி சேர்ற விளிம்பு, கேபிள் நுழையற ஓட்டை. ஃபாயில் சுத்தறதுல இந்த ரெண்டுமே திறந்து கிடக்கும், அதுக்கு மேல ஏபி சூடாகி வேகும். மைக்ரோவேவ் அவன் கதவு 2.45க்குன்னே அளவெடுத்து செஞ்சது, 5 ஜிகாஹெர்ட்ஸ்ல அதை நம்ப முடியாது. அதோட, பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுக்குள்ள இருக்கற கப்பாசிட்டர் ஆளை அடிக்கும். தகரடப்பா தம்பி, அதைத் திறந்து ஓட்டை போடுன்னு யாருக்கும் சொல்லாதீங்க.

டிரங்குப் பெட்டி நல்ல சாமான். ஆனா மூடியும் அடியும் பெயிண்ட்டோட பெயிண்ட்தான் உரசிட்டு இருக்கும், இரும்போட இரும்பு சேராது. நடுவுல நீளமா ஒரு கோடு மாதிரி இடைவெளி. 2.4ல ஆறு சென்டிமீட்டர், 5ல மூணு சென்டிமீட்டர் நீளம் கிடைச்சாலே அந்தக் கோடு ஒரு ஆன்டெனா. அகலம் மயிரிழைதானேன்னு விடாதீங்க, நீளம்தான் கணக்கு. உப்புத்தாள் போட்டு விளிம்பு நாலு பக்கமும் பளபளன்னு இரும்பு தெரியத் தேய்ங்க. ஜன்னலுக்கு ஒட்டற ஸ்பான்ஜ் பட்டை மேல பழைய கேபிள் டிவி கோஆக்ஸோட பின்னலை உருவிச் சட்டை மாதிரி மாட்டி, விளிம்பு முழுக்க ஓட்டுங்க. மூடி அழுத்தினா அது நசுங்கி ரெண்டு பக்கமும் கடிக்கும். பின்பக்கக் கீல் ஓரத்தை மறந்துடாதீங்க, எல்லாரும் கோட்டை விடறது அங்கதான். பாத்திரம் தேய்க்கற கம்பி நாரை அடைக்கலாம்னு சிலர் சொல்வாங்க. அது தூள் உதிர்ந்து ஏபி போர்டுல ஷார்ட் ஆகும், வேண்டாம்.

கேபிள்தான் பெரிய வில்லன். ஷீல்டு இல்லாத சாதா நெட்வொர்க் கேபிளை (யுடிபி) ஓட்டை வழியா விட்டா உள்ள இருக்கற சத்தம் அந்தச் செம்பு மேல ஏறி வெளிய வந்து நின்னு பாடும். கேபிள் மேல கிளிப் ஃபெரைட் (சத்தம் தடுக்கற காந்தக் கட்டி) மாட்டி இதை நிறுத்த முடியாது, இந்த ஃப்ரீக்வென்சியில அது ஏறக்குறைய அலங்காரம்தான். ரெண்டு நெட்வொர்க் கேபிளை இணைக்கற ஷீல்டு உள்ள ஆர்ஜே45 கப்ளர், உலோக உடம்பு உள்ளது, எஸ்.பி. ரோட்டுல கேளுங்க. பெட்டிச் சுவர்ல ஓட்டை போட்டு, சுத்திப் பெயிண்ட்டைச் சுரண்டி, கப்ளர் உடம்பு இரும்போட நல்லா ஒட்டற மாதிரி முடுக்குங்க. உள்ளயும் வெளியயும் ஷீல்டு கேபிள். ஃபைபரா இருந்தா ஒரு சென்டிமீட்டர் உள்விட்டம், மூணு சென்டிமீட்டர் நீளத்துல உலோகக் குழாய் பத்தவெச்சு அதுவழியா விடலாம். அந்தக் குழாய்க்குள்ள 17 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழ எதுவும் நடக்காது. ஆனா உங்களுக்கு பிஓஈ வேணுமே, அதனால செம்புதான்.

சரி பாக்கற முறை: ஒரு போனை ஹாட்ஸ்பாட் போட்டு கேபிளே இல்லாம உள்ள வெச்சு மூடுங்க. வெளிய இன்னொரு போன்ல அளங்க. அது மூடியோட ஒழுக்கு. அப்புறம் ஏபியை கேபிளோட வெச்சு அளங்க. கூடினது கேபிளோட ஒழுக்கு. உள்ள வெச்ச போனுக்கு கால் பண்ணி மணி அடிக்குதான்னு பாக்கற வேலை உதவாது. மொபைல் மைனஸ் 110 வரைக்கும் கூட ஒட்டிக்கும், நல்ல பெட்டிக்குள்ளயும் அடிக்கும்.

ஒரு நேரத்துக்கு ரெண்டு ஏபிக்கு மேல உள்ள வைக்காதீங்க. ஆளுக்குப் பத்து வாட்டுன்னாலும் மூடின இரும்புப் பெட்டி சீக்கிரம் சுடும்.

—

அல்சூர்_வயர்காரன் எழுதியது:

பெரியவரே, நீங்க சொன்னபடி செஞ்சாச்சு. பெட்டியோட பச்சைப் பெயிண்ட்டை நான் தேய்க்கறதைப் பாத்துட்டு அப்பா ஒரு நாள் முழுக்க பேசல, அது தனிக் கதை.

வெறும் பெட்டியில சாதா கேபிளோட மைனஸ் 20ல இருந்து மைனஸ் 47க்குத்தான் இறங்கிச்சு. ஹாட்ஸ்பாட் போனை மட்டும் வெச்சா அதைவிட நல்லா இருந்துச்சு, அப்பவே கேபிள்தான் திருடன்னு புரிஞ்சது. பின்னல் பட்டை, கப்ளர் ரெண்டும் போட்ட பிறகு 2.4 மைனஸ் 85 பக்கம். 5 ஜிகாஹெர்ட்ஸ் போன் லிஸ்ட்டுலயே வரல. கண்டோன்மென்ட் தம்பி சொன்ன ஸ்டேஜிங் குரூப்பும் போட்டாச்சு, ஆப்ல சேர்க்கறப்போ தாவறது நின்னுடுச்சு.

டெஸ்டுக்கு ஒரு பழைய போனை உள்ளயே போட்டு வெச்சிருக்கேன். அது சேர்ந்துச்சான்னு கண்ட்ரோலர்ல வயர் வழியா பாத்துக்கறேன். ஆனா ரெண்டு சந்தேகம். சிக்னல் முழுசா காட்டுது, ஸ்பீடு மட்டும் கேவலமா வருது, சில சமயம் போன் கழண்டுக்குது. ரெண்டாவது, சில ஏபியில 5 ஜிகாஹெர்ட்ஸ் எந்திரிக்கவே மாட்டேங்குது. பீஸ் திருப்பி அனுப்பணுமா?

—

பீன்யா_பெருசு எழுதியது:

ஸ்பீடு விஷயம்: போன் காதுக்குள்ள கத்தறீங்க. ரிசீவர் தாங்கணும்னு ஸ்டாண்டர்டு சொல்ற உச்ச அளவே 2.4ல மைனஸ் 20, 5ல மைனஸ் 30 டிபிஎம்தான். பெட்டிக்குள்ள அதைத் தாண்டிடுவீங்க, போதாததுக்கு இரும்புச் சுவர்ல பட்டுத் திரும்பித் திரும்பி வரும். ஏபி பவரை ஆகக் கீழ இறக்குங்க. ஏபி ஒரு மூலை, போன் எதிர் மூலை. அப்சார்பர் ஃபோம் வாங்கற அளவுக்கு இது பெரிய வேலையில்ல. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு, மூடி இறுக்கி, நடுவுல படுக்க வைங்க. தண்ணி இந்த அலையை நல்லாக் குடிக்கும். சிரிக்காதீங்க, வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. கேபிள் பக்கம் மட்டும் ஒட்டாம இருக்கட்டும்.

—

கண்டோன்மென்ட்_எக்ஸ்பிரஸ் எழுதியது:

5 ஜிகாஹெர்ட்ஸ்: திருப்பி அனுப்பாதீங்க அண்ணா, எந்த சேனல்ல நிக்குதுன்னு பாருங்க. 52ல இருந்து 144 வரைக்கும் ரேடார் பேண்டு. அங்க ஏபி பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரேடார் இருக்கான்னு குறைஞ்சது 60 செகண்ட் சும்மா கேட்டுட்டு இருக்கணும். நீங்க அதுக்குள்ள மூடியைத் திறந்து 'செத்துப்போச்சு'ன்னு எழுதியிருப்பீங்க. டெஸ்ட் குரூப்ல 36ன்னு பூட்டிடுங்க, உடனே வரும். அப்பவும் வரலன்னா அந்தப் பீஸைத் தனியா எடுத்து வைங்க.

—

அல்சூர்_வயர்காரன் எழுதியது:

36ல போட்டதும் ஒன்னைத் தவிர எல்லாம் எந்திரிச்சிடுச்சு. அந்த ஒன்னு நிஜமாவே போயிருக்கு, டீலர்கிட்ட பேசியாச்சு, மாத்தித் தர்றாங்க. தண்ணி பாட்டில் வெச்ச பிறகு போன் கழண்டுக்கல.